தார்ச்சாலையில் விழும் விதைகள்: சிதைந்த காடு எப்படி மீள்கிறது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போகிறவர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவார்கள், பாறையில் வரையாடு நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். சாலையில் கிடக்கும் விதைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனைமலையின் காட்டுச் சாலைகளில், தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில், மேலே கிளை நீட்டி நிற்கும் மரங்களிலிருந்து பழமும் விதையும் விழுந்தபடியே இருக்கும். மண்ணில் விழுந்தால் ஒன்றிரண்டாவது முளைக்கும். தாரில் விழுந்ததற்குப் போக்கிடம் இல்லை. லாரி டயர் நசுக்கும், இல்லாவிட்டால் வெயிலில் வெந்து போகும், அதிலும் தப்பினால் முதல் மழையில் வாய்க்காலோடு போய்விடும்.

இப்படி வீணாகப் போகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றாக்கி, சிதைந்துபோன மழைக்காட்டுத் துண்டுகளில் நடும் வேலை வால்பாறையில் 2000களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் முன்னின்று நடத்திய முயற்சி இது. திவ்யா அதற்கு முன் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் பழுப்பு மரநாயை ஆராய்ந்தவர். இரவெல்லாம் மரம் மரமாக ஏறிப் பழம் தின்று, விதையைக் காடெங்கும் போட்டுவிட்டுப் போகும் பிராணி அது. விதை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்கு, விதை வராமல் நின்றுபோன காட்டின் நிலைமை நன்றாகவே புரிந்திருக்கும்.

காடு வளர்ப்பு என்றால் லட்சக்கணக்கில் கன்று நடுவது, ஒரே நாளில் சாதனை படைப்பது என்று நினைத்துப் பழகிவிட்டோம். வால்பாறையில் வேலை தொடங்குவது வேறு கேள்விகளிலிருந்து. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? அது ஏன் தானாகத் திரும்பவில்லை? எந்த மரம், எந்தத் தாய்மரத்தின் விதை? நட்ட பிறகு மூன்று வருஷம் யார் களை எடுப்பார்கள்? மழையும் வெயிலும் கணக்குத் தவறிவரும் இந்தக் காலத்தில், இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நடும் கன்று காட்டுக்கு உதவாது என்பதுதான் என் கருத்து. சில இடங்களில் கெடுதலே செய்யும். அதையும் பார்ப்போம்.

துண்டான காடு

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கி, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இங்கே மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். சமவெளியின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களின் முதுகில்தான் அந்த வேலை அத்தனையும் நடந்தது. இன்று பீடபூமியைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால் எனப் பெரிய காடுகள். நடுவில் தேயிலைக் கடல். அந்தக் கடலுக்குள் தீவுகளைப் போல, தோட்டம் போட வசதிப்படாத சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் மழைக்காட்டுத் துண்டுகள் ஆங்காங்கே மிஞ்சின.

மிஞ்சினவையும் முழுசாக மிஞ்சவில்லை. சிலவற்றில் பெருமரங்களை வெட்டினார்கள். சிலவற்றில் கீழ்த்தாவரங்களை அகற்றி ஏலக்காயோ காப்பியோ வைத்து, பிறகு கைவிட்டார்கள். சில துண்டுகளிலிருந்து காலகாலமாக விறகு போனது. மேலே கூரைபோல் மூடியிருந்த இலைப்பந்தல் கிழிந்து வெயில் உள்ளே இறங்கியதும் உண்ணிச்செடி புகுந்தது. இருந்தாலும் இந்தத் துண்டுகளை அற்பமாக நினைத்துவிட முடியாது. சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்னும் இவற்றை நம்பித்தான் வாழ்கின்றன. யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பகலில் ஒதுங்கி நிற்பதற்கு இந்த நிழல்தான் இருக்கிறது.

சரி, கைவிட்ட காடு தானாக வளர்ந்துவிடாதா? வளரும். பல இடங்களில் வளர்கிறது. அப்படி வளரும் இடத்தில் மனிதர் செய்ய வேண்டியதெல்லாம் ஆடு மாடும் தீயும் வெட்டுக்கத்தியும் உள்ளே வராமல் காப்பதுதான். அதைவிட மலிவான, அதைவிட நல்ல வழி வேறில்லை. தானாக மீளும் காட்டுக்குள் குழி வெட்டிக் கன்று நடுவது பணத்துக்கும் கேடு, முளைத்துக்கொண்டிருக்கும் செடிகளுக்கும் கேடு.

ஆனால் சில துண்டுகள் நாற்பது ஐம்பது வருஷம் விட்டாலும் அப்படியே நிற்கின்றன. உண்ணிச்செடி அதற்கு ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குள் வந்தது இது. இன்று நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பரவியிருக்கிறது என்று 2020இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆளுயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கும் உண்ணிப் புதருக்குள் குனிந்து பார்த்தால் தரை இருட்டாக இருக்கும். சருகும் குச்சியும் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த இருட்டில் ஒரு மரநாற்று முளைத்தாலும் மேலே வர வழி கிடைக்காது.

அடுத்தது விதையே வந்து சேராத பிரச்சினை. மழைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை பழத்தைப் பறவைக்கும் விலங்குக்கும் கொடுத்து விதையை அனுப்புகின்றன. சின்ன விதை என்றால் சின்னக்குருவி கொண்டுவந்துவிடும். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை விழுங்கிப் பறக்க இருவாச்சி, பெரும் காட்டுப்புறா மாதிரி அகன்ற வாய் வேண்டும். துண்டு சிறியதாகவும் பெருங்காட்டிலிருந்து தள்ளியும் இருந்தால் அவை வருவது குறைகிறது. வருகிற விதையும் எல்லாம் நல்ல விதையாக இருப்பதில்லை. எஸ்டேட்டை ஒட்டிய துண்டுகளுக்குள் ரொபஸ்டா காப்பி தானாகவே முளைத்துப் பரவுகிறது. மரநாய்க்குக் காப்பிப் பழமும் பழம்தானே! காட்டைப் பரப்புகிற அதே வயிறு காப்பியையும் பரப்புகிறது.

பையில் இரண்டு வருஷம்

மழைக்காட்டு விதைகளில் பலவற்றை நெல் விதையைப் போல உலர்த்திப் பானையில் போட்டு வைக்க முடியாது. அவை ஈரத்தோடு விழுகின்றன, உலர்ந்தால் செத்துவிடும். சில வாரங்கள், சிலவற்றுக்குச் சில நாள்கள்தான் ஆயுள். வெடிபலா, நாங்கு எல்லாம் அப்படித்தான். ஆகவே இந்தக் காட்டுக்கு விதை வங்கி என்று ஒன்று கிடையாது. காட்டு மரங்களில் பல ஆண்டுதோறும் காய்ப்பதும் இல்லை. ஒரு வருஷம் தரையெல்லாம் கொட்டிய மரம் அடுத்த வருஷம் ஒரு காயும் காட்டாமல் நிற்கும். எது எப்போது பழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, விழுந்த வாரமே பொறுக்கி, அன்றோ மறுநாளோ மண்ணில் ஊன்ற வேண்டும்.

வெடிபலாவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். துரியன் பழத்துக்கு உறவுமுறை. உயர்ந்து நேராக நிற்கும் மரம். பூக்கள் இலைக்கொத்தின் நுனியில் வராமல் கிளையின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு வரும். கோடையில், வேறு பழம் அதிகம் கிடைக்காத நேரத்தில் வருகிற சதைப்பற்றுள்ள பூ அது. குரங்கு, அணில், மரநாய், வௌவால் எல்லாவற்றுக்கும் அந்த நாள்களில் அதுதான் சோறு. காய் முழுக்க முள். முற்றியதும் வெடித்துப் பிளந்து பழுப்பு விதைகளைச் சிந்தும், பெயரே அதிலிருந்துதான். சிங்கவால் குரங்கு இந்த மலையில் பிழைத்துக் கிடப்பதற்கு இந்த மரம் ஒரு முக்கியக் காரணம். இப்படிப்பட்ட மரத்தை விட்டுவிட்டு, சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக சில்வர் ஓக்கை நட்டு வைத்தால் பச்சை வரும். குரங்குக்குச் சோறு வராது.

நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் வளர்கின்றன. வெடிபலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், ருத்ராட்ச வகைகள், காட்டு நாவல் வகைகள், பலா, அத்தி ஆல வகைகள் என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் முளைப்பு முறை வேறு. சிலது பத்தே நாளில் தலை நீட்டும், சிலது மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து இனி வராது என்று நினைக்கும்போது வரும். நாற்றாகிப் பாலித்தீன் பைக்கு மாறிய பிறகு ஒன்று, இரண்டு வருஷம் அங்கேயே நின்று தண்டு தடிக்க வேண்டும். காட்டு மர வளர்ப்புக்குப் புத்தகப் பாடம் அதிகம் இல்லாததால், நாற்றங்காலில் வேலை செய்கிறவர்களின் கைப்பழக்கமே பாடம்.

நடவு ஜூன், ஜூலையில், மழை பிடித்த பிறகு. அதற்கு முன்பே உண்ணிச்செடியை அகற்ற வேண்டும். இயந்திரம் விட்டு வழித்தெடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் புதருக்கு நடுவே மூச்சுப் பிடித்து நிற்கும் நாட்டு மரக்கன்றுகளும் சேர்ந்து போய்விடும். அதனால் கையால்தான் வெட்டுகிறார்கள், தானாக முளைத்த ஒவ்வொரு கன்றையும் அடையாளம் பார்த்து விட்டுவிட்டு. பிறகு குழி, கன்று. ஒரே வகைக் கன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் கலந்து கலந்து நடுகிறார்கள். அதோடு வேலை முடிவதில்லை. வெட்டின உண்ணி மறுபடி துளிர்க்கும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுப்பு தொடர வேண்டும், கன்று களையை மிஞ்சும் உயரத்துக்கு வரும்வரை. நட்டதெல்லாம் பிழைப்பதும் இல்லை. மேலே ஓரளவு மரநிழல் இருக்கும் இடங்களில் நன்றாகப் பிழைக்கின்றன. வெட்டவெளியில் நிறையச் சாகின்றன. நிழலில் பிறந்த செடி அது, திடீரென்று முழு வெயிலில் நிறுத்தினால் தாங்காது.

பலன் இருக்கிறதா? 2019இல் ஆனந்த் ஓசூரியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. நட்டுப் பராமரித்து 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்கள், சும்மா விட்ட சிதைந்த இடங்கள், நல்ல நிலையில் உள்ள மழைக்காடு, மூன்றையும் ஒப்பிட்டார்கள். நட்ட இடங்களில் மர வகைகளும் மரங்களில் சேர்ந்த கரிமமும் சும்மா விட்ட இடங்களைவிடக் கூடுதல். பெருங்காட்டிலிருந்து தள்ளிக் கிடக்கும் துண்டுகளில் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இருவாச்சி கொண்டுவராத விதையை மனிதக் கை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பிறகு வந்த இன்னோர் ஆய்வில், மழைக்காட்டுக்கே உரிய பறவைகளும் நட்ட இடங்களுக்குக் கூடுதலாகத் திரும்பியிருப்பது தெரிந்தது. ஆனாலும் எந்த இடமும் பழைய காட்டின் அளவை எட்டிவிடவில்லை. ஒரு நூற்றாண்டாகச் சிதைத்ததைப் பதினைந்து வருஷத்தில் திருப்பி எடுத்துவிட முடியுமா?

மரம் நட்டுக் கெடுத்த மலை

இதுவரை மரம் நடுவதைப் பற்றிப் பேசினேன். இப்போது நட்டிருக்கவே கூடாத இடத்துக்குப் போவோம்.

வால்பாறையைவிட உயரமான மலைமுகடுகளில், பழனிமலையின் மேல்பகுதியிலும் நீலகிரியின் மேற்குப் பக்கத்திலும், காடு என்பது ஒரே மூட்டமான காடு கிடையாது. மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலை. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி. இரண்டும் சேர்ந்ததுதான் அங்கே இயற்கை. பெய்கிற மழையையும் மூடுபனியையும் பஞ்சுபோல வாங்கி வைத்து, கோடையிலும் ஓடை வற்றாமல் விடுவது அந்த அமைப்பு. பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் வருவது அங்கிருந்துதான். வரையாடு மேய்வது அந்தப் புல்லில். 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். தோடர்கள் தங்கள் கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேய்வதும் அங்கே அறுக்கும் புல்லால்.

வெள்ளைக்காரர்களின் கணக்கேட்டில் இது தரிசு. விறகுக்காக 1840களிலிருந்தே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் (வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல) கற்பூர மரம் எனப்படும் தைலமரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிட சீகைப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ் வேண்டும் என்று அரசே புல்வெளிகளில் பெரிய அளவில் மரம் நட்டது. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பகுதி மரத்தோட்டமாகவும் மிச்சம் விவசாயமாகவும் மாறியிருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தத் தரையைக் குனிந்து பார்த்தால் ஊசி இலைச் சருகுதான் மெத்தையாகக் கிடக்கும். அது பைன் தோட்டம். அந்த மண்ணில் முன்பு இருந்தது வேறு.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி, மண்ணைக் கிளறி, வெயில் பட்டதும் புல் முளைக்கும் முன்பே சீகை கம்பளம் விரித்ததுபோல முளைத்துவிடும். ஒருமுறை வெட்டி மறந்துவிட்டால் வெட்டாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். இன்னொரு பக்கம், சில பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே வெட்டினால் சோலைக்கும் சேர்த்து நஷ்டம். ஆகவே ஒரே மலையில், ஒரே மரத்துக்கு, இங்கே பிடுங்கு, அங்கே விட்டுவை என்று இரண்டு தீர்வு சொல்ல வேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கும் நல்ல புல்வெளியில் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதே முதல் வேலை என்பது என் எண்ணம். கெடாததைக் காப்பாற்றுவது கெட்டதை மீட்பதைவிட எத்தனையோ மடங்கு சுலபம்.

மழை கணக்குத் தவறும்போது

பருவமழை வருகிற நாளும் பெய்கிற விதமும் மாறிவருகின்றன. பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் வெயில் அடிக்கிறது. நட்ட கன்றுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஜூன் முதல் மழையை நம்பி நட்டு, அதன்பின் மூன்று வாரம் மழை இடைவெளி விட்டால், இரண்டு வருஷம் பையில் வளர்த்த உழைப்பு கண்முன்னே காயும். வெறும் சரிவில் கொட்டும் மழையோ மேல்மண்ணோடு கன்றையும் கொண்டுபோய்விடும். 2019 ஆகஸ்ட் மழையில் ஆனைமலையின் கல்லாறு குடியிருப்பில் மண் சரிந்து காடர் பழங்குடிக் குடும்பங்கள் வீடிழந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெப்பக்குளமேட்டில் இடம் கிடைத்தது. காலநிலை மாற்றம் என்ற சொல்லுக்கு மலையில் அர்த்தம் இது.

வறட்சி வரும்போது எந்தக் காடு தாங்குகிறது என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் அளந்திருக்கிறார்கள். பலவகை மரங்கள் கொண்ட இயற்கைக் காட்டையும், தேக்கு, தைலமரத் தோட்டங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வந்தது. நல்ல மழை வருஷத்தில் தோட்டங்கள் சளைக்காமல் கரிமத்தை உள்ளிழுக்கின்றன. மழை பொய்க்கும் வருஷத்தில் ஏற்ற இறக்கம் அவற்றில்தான் அதிகம். இயற்கைக் காடு நிதானமாக நிற்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரே வகை மரம் என்றால் வேர் ஒரே ஆழத்தில், இலை உதிர்ப்பது ஒரே வாரத்தில், தாகமும் ஒரே நேரத்தில். நூறு வகை இருந்தால் ஒன்று ஆழத்தில் நீர் தேடும், ஒன்று இலையைச் சுருக்கும், ஒன்று உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். எல்லாம் ஒரே நாளில் விழாது.

கடற்கரைப் பக்கம் இதே பாடம் ஒரே இரவில் கிடைத்தது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மொட்டையாக, மழைநீர் அறுத்த பள்ளங்களோடு கிடந்தது. மண்ணைப் பிடிக்க முதலில் வரப்பு போட்டார்கள், பள்ளங்களை மறித்தார்கள். ஆஸ்திரேலியாவின் கத்திச்சவுக்கு அங்கே வேகமாக வளர்ந்து நிழலும் சருகும் கொடுத்தது. அந்த நிழலில், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்தார்கள்: பாலை, வீரை, காயா, கருங்காலி. இவற்றுக்கு விதை எங்கே கிடைத்தது என்பது நமக்கு முக்கியம். ஊரெல்லாம் காடு அழிந்த பிறகும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போன்ற சாமிக் காடுகளில் அவை நின்றுகொண்டிருந்தன. அய்யனாருக்குப் பயந்து கிளை ஒடிக்காத ஊர்க்காரர்கள், தெரியாமலே ஒரு விதைக் களஞ்சியத்தைக் காத்து வைத்திருந்தார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஆரோவில்லில் கத்திச்சவுக்கு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மெதுவாக வளர்ந்த, குட்டையான, கட்டை இறுகிய நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன. ஒரே மரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை, 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி விவசாயிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதற்காகக் கத்திச்சவுக்கைத் திட்ட மாட்டேன். மொட்டை மண்ணில் அது முதல் நிழல் கொடுத்தது. அதன் வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

நாளைய வெயிலுக்கு எந்த விதை?

காலநிலை மாறுகிறது என்றால் பழைய காட்டை அப்படியே திரும்ப நடுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்று நடும் நாங்கு முழு மரமாக நிற்கப்போவது நம் பேரப்பிள்ளைகள் காலத்தில். அன்றைய வெயில் வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மரம் வெட்டிய இடத்தில் நடும் விதையை எங்கிருந்து எடுப்பது என்ற அரசு விதியையே மாற்றிவிட்டார்கள். இன்று கொஞ்சம் வெப்பமான இடத்தில் நிற்கும் தாய்மரத்தின் விதையை, நாளை அதே அளவு வெப்பமாகப்போகும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பாதி இருக்கிறது. ஒரே மரத்தடியில் கூடை நிறைய விதை பொறுக்குவது சுலபம். அப்படி வளரும் கன்றுகள் எல்லாம் ஒரு தாய் மக்கள்; ஒரு நோய், ஒரு வறட்சி போதும். பல தாய்மரங்களிலிருந்து, அதே இனம் கொஞ்சம் தாழ்வான, கொஞ்சம் வறண்ட சரிவில் நிற்கும் இடங்களிலிருந்தும் விதை சேர்த்துக் கலந்து நட்டால், எது நாளைய வெயிலைத் தாங்கும் என்பதைக் காடே தேர்ந்துகொள்ளும். ஆனால் வறட்சி தாங்கும் என்று சொல்லி வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன். இந்த மண்ணில் அந்தச் சோதனை நிறையத் தடவை நடந்துவிட்டது. விறகுக்கு வந்தது சீமைக்கருவேலம். பட்டைக்கு வந்தது சீகை. அழகுக்கு வந்த மஞ்சக்கொன்றையை முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இன்று வேரோடு பிடுங்கிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தமிழக அரசு 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல தொடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு அறிவித்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு இலக்கு, அப்போது 23.7 விழுக்காடாக இருந்த காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக்குவது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் எது என்றால், எண்ணும் முறை. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 விழுக்காடு மர மூட்டமும் இருந்தால் அது காட்டுப் பரப்பு. உள்ளே நிற்பது வெடிபலாவா, தைலமரமா என்று கணக்கு கேட்பதில்லை. சோலைப் புல்வெளி இந்தக் கணக்கில் பூஜ்யம். அதே புல்வெளியில் சீகை முளைத்துக் கெட்டால் பசுமை கூடியதாக ஏறும். உலக அளவிலும் இதே கதைதான். 2030க்குள் 35 கோடி ஹெக்டேர் மீட்பது என்ற பான் அறைகூவல் (Bonn Challenge) எனும் உலகத் திட்டத்தில் நாடுகள் கொடுத்த வாக்குறுதிகளை 2019இல் ஆராய்ந்து பார்த்தபோது, 45 விழுக்காடு வணிக மரத்தோட்டங்களாக இருந்தன. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

பணம் ஒதுக்கும் முறையும் மாற வேண்டும். நடவு ஆண்டுக்கு நிதி, விழா, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கு ஆள்கூலி இருக்காது. காய்ந்த கன்றுகளின் இடத்தில் உண்ணி மறுபடி ஏறியபின், மறுபடி ஒரு நடவுத் திட்டம். விதை பொறுக்கிறவர், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், உண்ணிக்கு நடுவே காட்டு மரக்கன்றை அடையாளம் கண்டு கத்தியை விலக்குகிறவர், இவர்களுக்கு ஆண்டு முழுக்க நிலையான வேலையும் நல்ல கூலியும் கொடுப்பதுதான் காடு மீட்புச் செலவில் முதல் வரியாக இருக்க வேண்டும். காடர்களுக்குக் கருங்குங்கிலிய மரம் எங்கே நிற்கிறது, எந்த வருஷம் காய்க்கும் என்பதெல்லாம் வீட்டுச் செய்தி. வாழச்சாலில் இருவாச்சிக் கூடுகளை ஆண்டுதோறும் கண்காணிப்பவர்கள் அவர்கள்தான். 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் ஊர்ச்சபைக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, வெளியூர் ஒப்பந்தக்காரரை வைத்துக் குழி வெட்டுவது எந்த வகையில் சரி?

வால்பாறையில் ஜூன் மாதம் நாற்றங்காலிலிருந்து பைகள் வெளியேறும். கூடையில் அடுக்கி, ஜீப்பில் ஏற்றி, வழி முடிந்த இடத்திலிருந்து தலைச்சுமையாக வழுக்கும் சரிவில் இறக்குவார்கள். மழையிலேயே அட்டைக்கடியோடு நடவு நடக்கும். பைகள் காலியான மேடையில் அந்த ஆண்டு பொறுக்கிய விதைகள் வந்து உட்காரும், அடுத்த இரண்டு வருஷத்துக்கு.